கலைச்சொல் இழை: ‘ஜுடிஷியல் ரிவ்யூ’ – மறுஆய்வா, புனராய்வா, முறையாய்வா?

மடல் 1 – கோவையிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் வணிக வழக்குகளையும் அரசின் முடிவுகளை எதிர்க்கும் வழக்குகளையும் சேர்த்து நடத்தும் பாரிஸ்டர்கள் உண்டு. அவர்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஆறு சொற்களில் மாட்டிக்கொண்டேன்: பாரிஸ்டர், சேம்பர்ஸ், ஜூனியர், சில்க், பப்ளிக் லா (அரசும் பொது அமைப்புகளும் நடக்க வேண்டிய சட்டம்), ஜுடிஷியல் ரிவ்யூ (அவற்றின் முடிவை நீதிமன்றம் ஆராய்வது). முதல் வரைவில் வழக்கறிஞர், அறைகள், இளநிலை வழக்கறிஞர், பட்டு, பொதுச் சட்டம், நீதித்துறை மறுஆய்வு என்று போட்டேன். படித்துப் பார்த்தால் யாரோ பட்டு உடுத்தி அறையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. உதவுங்கள்.

மடல் 2 – லண்டனிலிருந்து

தம்பி, வணக்கம்.

நான் இங்கே ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாரிஸ்டர்களுக்கு வழக்குக் கட்டு தயாரித்து அனுப்புவதுதான் பாதி வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பாரிஸ்டரை அப்படியே விட்டுவிடுங்கள். காந்தி 1891-இல் லண்டனின் இன்னர் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சங்கத்தில் பாரிஸ்டர் ஆனார், நேரு 1912-இல் அதே இடத்தில் ஆனார் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது தமிழ்ச் சொல்லாகி நாளாயிற்று. ‘வழக்கறிஞர்’ என்று போட்டால் இந்தத் தொழிலின் முதல் உண்மையே மறைந்துவிடும். தமிழ்நாட்டில் கட்சிக்காரர் ஒருவருக்கு வக்காலத்து கொடுத்தால் அவரே மனு தாக்கல் செய்வார், அவரே வாதாடுவார். இங்கே வக்காலத்து போன்ற பொறுப்பு சொலிசிட்டரிடம் இருக்கும். அவர் கட்டு அனுப்பினால்தான் பாரிஸ்டர் கருத்துரை எழுதுவார், மனு வரைவார், நீதிபதி முன் நிற்பார். 2004 முதல் பொதுமக்கள் நேரடியாகப் பாரிஸ்டரை அணுக வழி இருக்கிறது. பெரிய வணிக வழக்குகளில் அது அரிது.

சொலிசிட்டருக்கு வழக்கறிஞர், பாரிஸ்டருக்கு வழக்குரைஞர் என்று பிரிக்கலாமே என்று யாராவது வருவார்கள். அறிபவர் ஒருவர், உரைப்பவர் ஒருவர். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மதுரையிலோ சேலத்திலோ பெயர்ப்பலகையைப் பாருங்கள், இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கும். ஊர் வழக்கில் இல்லாத வேறுபாட்டைக் கலைச்சொல்லால் திணிக்க முடியாது.

ஜூனியர் என்பதில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. நம் ஊரில் ஜூனியர் என்றால் சீனியரின் பையைத் தூக்கிக்கொண்டு வாய்தா கேட்கப் போகும் புது வக்கீல். இங்கே தேர்ந்த பாரிஸ்டர்களுக்குத் தரும் மன்னரின் ஆலோசகர் பட்டத்தை வாங்காத எல்லோரும் ஜூனியர்தான், இருபத்தைந்து வருடம் வாதாடியிருந்தாலும். தனியாகவே உச்ச நீதிமன்றம் வரை போகும் ஜூனியர்கள் உண்டு. ‘இளநிலை’ வேண்டவே வேண்டாம். பட்டம் வாங்கியவர் பட்டு அங்கி போடுவதால் அவருக்கு சில்க் என்று பெயர். 2022 செப்டம்பர் 8 அன்று ராணி இறந்ததும் அத்தனை ராணி ஆலோசகர்களும் அன்றே மன்னர் ஆலோசகர்கள் ஆனார்கள். ‘பட்டங்கியர்’ எனலாம், அப்போது ஜூனியர் ‘பட்டங்கி பெறாதவர்’ ஆகிறார். கொஞ்சம் நீளம், ஆனால் பொய் இல்லை.

சேம்பர்ஸ் நிறுவனம் அல்ல, கூட்டுத்தொழிலும் அல்ல. அங்கே ஒவ்வொரு பாரிஸ்டரும் தனி ஆள். வாடகையையும் கிளார்க்குகளின் செலவையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், லாபத்தைப் பங்கிடுவதில்லை. அதனால்தான் ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்த இருவர் ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்கலாம். மூன்றாமவர் அதே தகராறில் நடுவராகவும் அமரலாம். லண்டன்காரர்களுக்கு இதில் அதிசயமே இல்லை. வெளிநாட்டவருக்குத்தான் தலை சுற்றும். குரோஷிய மின்நிறுவனம் ஒன்று ஸ்லோவேனியா மீது தொடுத்த முதலீட்டு நடுவர் வழக்கில், நடுவர் மன்றத் தலைவரின் சேம்பர்ஸைச் சேர்ந்த பாரிஸ்டரை ஸ்லோவேனியா கடைசி நேரத்தில் கொண்டுவந்தது. அவர் வாதாடக் கூடாது என்று 2008-இல் மன்றம் சொல்லிவிட்டது. ‘அறைகள்’ என்ற சொல்லில் இதில் எதுவும் தெரியாது. ‘வழக்குரைஞர் கூடம்’, சுருக்கமாகக் ‘கூடம்’ என்பது என் யோசனை. ஒரே கூரை, தனித்தனி ஆட்கள்.

கிளார்க்கை ‘குமாஸ்தா’ ஆக்கிவிடாதீர்கள். வக்கீல் குமாஸ்தா கோர்ட்டில் கட்டு போடுவார், தேதி பார்ப்பார். இங்கே கூடத்தின் தலைமைக் கிளார்க்தான் எந்த வேலை யாருக்கு என்று பார்ப்பவர், கட்டணம் பேசுபவர். பாரிஸ்டர் வாய் திறந்து பணம் கேட்பதே இல்லை. சில கூடங்களில் தலைமைக் கிளார்க்கின் வருமானத்தைப் பார்த்து இளம் பாரிஸ்டர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அப்புறம் ‘கேப் ரேங்க்’ விதியையும் எழுதுவீர்கள்தானே? தன் துறை, நேரம் இருக்கிறது, தக்க கட்டணம், முரண் எதுவும் இல்லை என்றால் கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக வழக்கை மறுக்கக் கூடாது. ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையில் முதலில் நிற்கும் வண்டி சவாரியை மறுக்கக் கூடாது என்பதைப் போல. ‘வரிசை விதி’ போதும்.

பப்ளிக் லாவும் ஜுடிஷியல் ரிவ்யூவும் பெரிய விஷயம். மற்றவர்கள் சொல்லட்டும், பிறகு வருகிறேன்.

மடல் 3 – கொழும்பிலிருந்து

வணக்கம்.

லண்டன் தம்பி சொன்ன பிரிவுக்கு எங்களிடம் ஒரு காலத்தில் சொல் இருந்தது. எங்கட அப்பப்பா காலத்து யாழ்ப்பாணத்தில் அட்வகேட் என்றால் அப்புக்காத்து, புரொக்டர் என்றால் பிரக்கிராசி. பிரக்கிராசி காணி உறுதியும் வழக்குத் தாக்கலும் பார்ப்பார், அப்புக்காத்து மன்றில் பேசுவார். 1973-ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. அதற்குப் பிறகு எல்லோரும் சட்டத்தரணிதான். ‘அவன் பெரிய அப்புக்காத்து’ என்று நக்கலாகக் கதைக்க மட்டும் அந்தச் சொல் மிஞ்சியிருக்கிறது. ஆகவே அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லமாட்டேன், பாரிஸ்டரே இருக்கட்டும்.

பப்ளிக் லாவுக்கு நாங்கள் ‘பகிரங்கச் சட்டம்’ என்று பாவிக்கிறோம், பிரைவேட் லாவுக்குத் ‘தனியார் சட்டம்’. ரிட், அதாவது அரசு அமைப்புக்கு நீதிமன்றம் இடும் ஆணை, எங்கள் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் ‘எழுத்தாணை’. முடிவை ரத்து செய்யும் செர்ஷியோரரி ‘உறுதிகேள் எழுத்தாணை’. தமிழ்நாட்டில் என்ன சொல்வீர்கள்?

மடல் 4 – மதுரையிலிருந்து

குழுவுக்கு வணக்கம்.

கொழும்பு அம்மா கேட்டதற்கு: ரிட்டுக்கு ‘நீதிப்பேராணை’ என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கோர்ட்டில் ‘ரிட் மனு’தான். மக்களிடம் ஒட்டிய ஒரே தமிழ்ச் சொல் ‘ஆட்கொணர்வு மனு’. அதைக் கேட்டாலே என்ன நடக்கும் என்று புரிகிறது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பகிரங்கச் சட்டம் இங்கே எடுபடாது. பகிரங்க மன்னிப்பு, பகிரங்கக் குற்றச்சாட்டு என்று பழகிய காதுக்கு அது ஊர் நடுவில் வைத்துத் திட்டுவது போல இருக்கும். பொதுச் சட்டம் என்றால் அதைவிடச் சிக்கல். தீர்ப்புகள் வழியே வளர்ந்த சட்டமான காமன் லாவுக்கும் அதையே போடுகிறார்கள். பொது சிவில் சட்டம் என்று தினமும் செய்தி வருகிறது. இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது காமன் லா இல்லாமல் எழுத முடியுமா? ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசகர் தொலைந்தார்.

ஜுடிஷியல் ரிவ்யூவுக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் ‘நீதிப்புனராய்வு’ இருக்கிறது. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் அலைய வேண்டும்? ‘சீராய்வு’ மட்டும் வேண்டாம். அது எங்களுக்கு ரிவிஷன், கீழ் கோர்ட் உத்தரவை மேல் கோர்ட் சரிபார்ப்பது. பத்திரிகைக்காரர்களுக்கு ரிவ்யூ பெட்டிஷன். ‘மறுஆய்வு’ம் அதே ஆபத்து. நீதிமன்றம் தன் தீர்ப்பையே மறுபடி பார்ப்பது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மடல் 5 – லண்டனிலிருந்து

மதுரை வக்கீல் சார், கொழும்பு அக்கா, இருவருக்கும் நன்றி.

பப்ளிக் லாவுக்கு ‘அரசுசார் சட்டம்’ என்று வைத்துப் பார்க்கலாமா? ‘அரசுசாரா நிறுவனம்’ எல்லோருக்கும் பழகிய சொல். அதன் மறுபக்கம் உடனே புரியும். தனியார் சட்டத்துக்கு எதிராக நிற்கவும் செய்யும்.

நீதிப்புனராய்வு பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் இந்தியாவில் எதைக் குறிக்கிறது? பாடப்புத்தகத்தில் அது வரும் இடத்தைப் பாருங்கள்: நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றால் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம். லண்டன் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை இங்கே எந்த நீதிபதியும் ரத்து செய்ய முடியாது. 1998 மனித உரிமைகள் சட்டத்தின் கீழ் ‘இது உரிமைகளோடு ஒத்துப்போகவில்லை’ என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்த பிறகும் சட்டம் நடைமுறையில் இருந்துகொண்டே இருக்கும். (வேடிக்கை என்னவென்றால், இதே லண்டனில் உட்கார்ந்து, அப்போது இலங்கையின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1962 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி வழக்கில் இலங்கை நாடாளுமன்றத்தின் சட்டத்தைச் செல்லாது என்றது. அது நீதிபதிகளின் வேலையில் கை வைத்த சட்டம். அக்காவுக்கு லியனகே வழக்கு தெரிந்திருக்கும். தன் வீட்டில் இல்லாத அதிகாரம் கொழும்புக்கு என்றதும் வந்தது.)

ஆக, இங்கிலாந்துக் கட்டுரையில் ‘நீதிப்புனராய்வு’ என்று படிக்கும் தமிழ்நாட்டு வாசகர், பாரிஸ்டர் போய்ச் சட்டத்தையே உடைக்கிறார் என்று நினைப்பார். அவர் உண்மையில் என்ன செய்கிறார்? அமைச்சரோ நகராட்சியோ கட்டுப்பாட்டு வாரியமோ எடுத்த முடிவைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கிறார். 1984-இல் தீர்ப்பான, ஜி.சி.எச்.க்யூ. என்ற பிரிட்டிஷ் உளவுத் தலைமையகம் பற்றிய வழக்கில் டிப்லாக் பிரபு அந்த மூன்றையும் வகுத்துக் கொடுத்தார். சட்டப்படி உனக்கு அந்த அதிகாரம் இருந்ததா? புத்தியுள்ள எவரும் எடுக்க முடியாத முடிவா? நடக்க வேண்டிய வழியில் நடந்தாயா? தாட்சர் அரசு அந்த உளவுத் தலைமையகத்தின் ஊழியர்களைத் தொழிற்சங்கத்தில் சேரவிடாமல் தடுத்தபோது எழுந்த வழக்கு அது. தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தால் தொழிற்சங்கங்கள் தோற்றன. கேள்விகள் மட்டும் நிலைத்துவிட்டன.

இரண்டாவது கேள்விக்கு வேர் ஒரு சினிமா கொட்டகை. வெட்ன்ஸ்பரி நகராட்சி ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பதினைந்து வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக் கூடாது என்று நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர்கள் 1947-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நிபந்தனை நல்லதா கெட்டதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை, எந்த நியாயமான நகராட்சியும் போட முடியாத நிபந்தனையா என்று மட்டும் பார்ப்போம் என்றார்கள் நீதிபதிகள். அந்தச் சின்ன ஊரின் பெயர் இன்றும் தினமும் நீதிமன்றத்தில் உச்சரிக்கப்படுகிறது.

இப்போது வணிகப் பக்கத்துக்கு வாருங்கள், தம்பியின் கட்டுரைக்கு இதுதான் நெஞ்சு. வணிக நீதிமன்றம் 1895-இல் தனிப் பட்டியலாகத் தொடங்கியது, 2011 முதல் ரோல்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே நடக்கும் ஒப்பந்த வழக்கில் ‘நீ வாக்கை மீறினாய், எனக்கு இவ்வளவு நட்டம், கொடு’ என்பார்கள். ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம். அதே நிறுவனம் அரசின் முடிவால் அடிபட்டால் ஸ்ட்ராண்ட் தெருவில் உள்ள நிர்வாக நீதிமன்றத்துக்கு வர வேண்டும். தாமதமின்றி வர வேண்டும், அதிகபட்சம் மூன்று மாதம். அரசு கொள்முதல் தகராறு என்றால் முப்பதே நாள். நட்ட ஈடு சாதாரணமாகக் கிடைக்காது; முடிவு ரத்தாகித் திரும்ப எடுக்கச் சொல்லி அனுப்பப்படும், அவ்வளவே. இரண்டு கோர்ட்டுக்கும் நடந்தே போகலாம். ஆனால் பாரிஸ்டர் வழியில் பேச்சையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

2012-இல் மேற்குக் கடற்கரை ரயில் தடத்தை நடத்தும் உரிமை ஃபர்ஸ்ட் குரூப் நிறுவனத்துக்குப் போகும் என்று போக்குவரத்துத் துறை ஆகஸ்டில் அறிவித்தது. அதுவரை அந்தத் தடத்தை நடத்திவந்த வர்ஜின் நிறுவனம் ஜுடிஷியல் ரிவ்யூவுக்குப் போனது. ‘எங்கள் விலைதான் நல்ல விலை’ என்பது அங்கே வாதமாக எடுபடாது. ‘நீங்கள் சொன்ன விதிப்படி நீங்களே மதிப்பிடவில்லை’ என்பதுதான் எடுபடும். வழக்குக்குப் பதில் தயாரிக்கும்போதே துறைக்குத் தன் கணக்கில் பிழை தெரிந்துவிட்டது. போட்டியாளர்கள் எவ்வளவு உத்தரவாதக் கடன் காட்ட வேண்டும் என்று போட்ட கணக்கு அது. அக்டோபர் 3 அன்று ஏலத்தையே ரத்து செய்தார்கள். விசாரணை நடக்கவே இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் எனக்குப் படுவது: மறு, புனர், சீர், மேல் ஆகிய நான்கு முன்னொட்டும் இந்த வேலைக்குப் பொய் சொல்கின்றன. யாரும் எதையும் மறுபடி ஆய்வதில்லை. நடந்தது முறையா என்று பார்க்கிறார்கள். ஆகவே ‘முறையாய்வு’. முழுப் பெயர் வேண்டும் என்றால் ‘நீதிமன்ற முறையாய்வு’.

‘முறை’ வெறும் நடைமுறை மட்டும் அல்ல. முறையிடு, மேல்முறையீடு, முறைகேடு எல்லாவற்றிலும் நீதி என்ற பழைய பொருள் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி பற்றிய புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனை ‘முறைமன்ற நடுவம்’ என்று அரசே அழைக்கிறது. மேல்முறையீடும் முறையாய்வும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வேறுபாடு தானாகத் தெரியும்.

சட்டத்தையே செல்லாததாக்கும் இந்திய அதிகாரத்துக்கு நீதிப்புனராய்வு அப்படியே இருக்கட்டும். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. நாமும் திண்டாட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மடல் 6 – கொழும்பிலிருந்து

லண்டன் தம்பி, முறையாய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. ‘நீதித் தணிக்கை’ என்று ஒன்று யோசித்து வைத்திருந்தேன். கணக்குத் தணிக்கையாளர் வாங்கிய பொருள் நல்லதா என்று பார்ப்பதில்லை, விதிப்படி வாங்கினார்களா என்றுதானே பார்ப்பார். ஆனால் தணிக்கை என்றதும் தமிழ்நாட்டவருக்குத் திரைப்படம் ஞாபகம் வரும். வெட்ன்ஸ்பரி கொட்டகை வழக்கையும் பக்கத்தில் வைத்தால் முழுக் குழப்பம். விட்டுவிட்டேன்.

‘அரசுசார் சட்டம்’ தான் இடிக்கிறது. டேட்டாஃபின் வழக்கை மறந்தீர்களோ? லண்டனின் டேக்ஓவர் குழு அப்போது அரசு அமைப்பே இல்லை, எந்தச் சட்டமும் அதற்கு அதிகாரம் கொடுக்கவில்லை. கொம்பனிகளை வாங்கி விற்பதற்கு நகரத்து நிதிக்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஆனாலும் அது செய்யும் வேலை பொது வேலை, ஆகவே நீதிமன்றம் தலையிடலாம் என்று 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வணிகமும் பப்ளிக் லாவும் முட்டிக்கொள்ளும் இடமே அதுதான். அதை ‘அரசுசார்’ என்றால் எப்படி?

மடல் 7 – மதுரையிலிருந்து

அம்மா சொன்ன டேட்டாஃபின் நல்ல பாயிண்ட். ஆனாலும் பகிரங்கத்துக்கு என் ஓட்டு இல்லை.

முறையாய்வுக்கு இரண்டு ஆட்சேபம். ஒன்று, முறைகேடு என்றால் இங்கே ஊழல். ‘அமைச்சரின் முடிவு மீது முறையாய்வு’ என்று செய்தி வந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை வந்துவிட்டது என்றுதான் டீக்கடையில் பேசுவார்கள். இரண்டாவது இன்னும் கனமானது. மனித உரிமை வழக்குகளில் இங்கிலாந்து நீதிமன்றம் முறையோடு நிற்பதில்லையே. 2009-இல் பிரிட்டிஷ் நிதித்துறை ஈரானின் மெல்லாத் வங்கியோடு பிரிட்டனின் நிதிச் சந்தையில் யாரும் தொழில் செய்யக் கூடாது என்றது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியது. முன்கூட்டிச் சொல்லி அந்த வங்கியின் பக்கத்தைக் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். அது உங்கள் முறை, ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஈரானிய வங்கிகளை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்தது நோக்கத்துக்குப் பொருத்தமான அளவில் இல்லை என்பது இன்னொன்று. அது முடிவின் உள்ளடக்கத்தையே எடை போடுவது. அங்கே புனராய்வு வாசனை வருகிறதே?

மடல் 8 – லண்டனிலிருந்து

வக்கீல் சார், முதல் ஆட்சேபத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ‘நீதிமன்ற’ என்ற அடைமொழியை முதல் தடவை விடாமல் போட்டால் பாதி குறையும்.

இரண்டாவதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மெல்லாத் வழக்கில்கூட வங்கியை என்ன செய்வது என்று நீதிமன்றம் தானே முடிவெடுக்கவில்லை, நிதித்துறையின் ஆணையை ரத்து செய்ததோடு நின்றது. அந்த உத்தரவு அளவு மீறியது என்றது. அளவு மீறுவதும் முறை மீறுவதுதான் என்று தமிழில் தயங்காமல் சொல்லலாம். ‘இது முறையா?’ என்று ஒருவரைக் கேட்கும்போது நாம் படிவம் சரியாக நிரப்பினாரா என்றா கேட்கிறோம்?

டேட்டாஃபினைப் பொறுத்தவரை அக்கா சொல்வது சரி. ‘பொதுக்கடமைச் சட்டம்’ என்றால் அந்தக் குழுவும் உள்ளே வந்துவிடும். ஆனால் அரசியலமைப்பு, தேர்தல், அமைச்சரவை எல்லாம் கடமை என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று தெரியவில்லை. தம்பி இப்போதைக்கு ‘அரசுசார் சட்டம்’ போட்டு, டேட்டாஃபின் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுக்கட்டும். இந்த ஒரு சொல்லுக்கு இழை திறந்தே இருக்கட்டும்.

புதுச் சொல் போட்டால் யாருக்குப் புரியும் என்று வக்கீல் சார் கேட்பார் என்பதால் ஒன்று: இங்கிலாந்துக்காரர்களே தங்கள் சொற்களைச் சமீபத்தில்தான் மாற்றினார்கள். 1999-இல் புது உரிமையியல் விதிகள் வந்தபோது பிளெயின்டிஃப் போய் கிளெய்மன்ட் வந்தது. 2000-இல் ஜுடிஷியல் ரிவ்யூ விதிகளை எழுதியபோது செர்ஷியோரரியும் மண்டேமஸும் போய், ரத்து செய்யும் ஆணை, செய்யச் சொல்லும் ஆணை என்ற பொருளில் நேரான ஆங்கிலம் வந்தது. பழைய பாரிஸ்டர்கள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். தம்பியும் ‘ரத்தாணை’, ‘செயலாணை’, ‘தடையாணை’ என்றே போடலாம். நீதிப்பேராணையும் உறுதிகேளும் அவரவர் நாட்டுக் கட்டுரைகளில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. முறையாய்வு கேட்பவர் நேராக விசாரணைக்குப் போக முடியாது. வழக்கில் விஷயம் இருக்கிறது என்று முதலில் நீதிபதியின் ஒப்புதல் வாங்க வேண்டும். பெரும்பாலும் காகிதங்களைப் பார்த்தே கொடுப்பார்கள், மறுப்பார்கள். இதைப் பழைய தீர்ப்புகளில் ‘லீவ்’ என்று எழுதியிருப்பார்கள். தம்பி அனுப்பிய வரைவில் ‘நீதிபதி விடுப்பு வழங்கினார்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அனுமதி என்று மாற்றிவிடுங்கள்.

மடல் 9 – கோவையிலிருந்து

மாற்றிவிட்டேன் அண்ணா. நான்காவது ஒன்றும் இருந்தது, அடிக்குறிப்பில்.